ஆன்டிபயாடிக் நாலு கோர்ஸ் முடிந்தும் புராஸ்டேட் வலி போகவில்லை: அடுத்து என்ன?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரை சுருக்கிச் சொல்கிறேன். வயது 36. ஒன்பது மாதமாக விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி. உட்கார்ந்தால் கூடுகிறது. விந்து வெளியேறினால் மறுநாள் வரை எரிச்சல். ராத்திரி இரண்டு மூன்று தடவை சிறுநீருக்கு எழுந்திருக்கிறீர்கள். காய்ச்சல் ஒருநாளும் வந்ததில்லை, யூரின் கல்ச்சர் மூன்று முறையும் கிருமி இல்லை என்றே வந்தது. ஸ்கேனில் 'புராஸ்டேடைட்டிஸ்', அதாவது புராஸ்டேட் அழற்சி என்று எழுதியிருக்கிறார்கள். லீவோஃப்ளாக்சசின் இரண்டு கோர்ஸ், டாக்ஸிசைக்ளின் ஒன்று, நைட்ரோஃபுரன்டாயின் ஒன்று. முதல் கோர்ஸில் கொஞ்சம் குறைந்தது, அப்புறம் பழையபடி. "இதைவிடப் பவரான ஆன்டிபயாடிக் எது, ஊசியாகப் போட்டால் போய்விடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் இது கேன்சராகுமா, குழந்தை பிறக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு. கிருமி என்று சொல்லிக் கொடுத்த மருந்தெல்லாம் பலிக்கவில்லை என்றால், எனக்கு இருப்பது என்ன, அதற்கு வைத்தியம் உண்டா? அதற்கே பதில் எழுதுகிறேன். நான் யூராலஜிஸ்ட். இந்தத் தொந்தரவோடு வருகிறவர்களைப் பல வருடமாக, அநேகமாக வாராவாரம் பார்க்கிறேன். ஆனால் உங்களைப் பரிசோதிக்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வைத்துப் படியுங்கள்.

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருக்கும் சுரப்பி. இளைஞர்களுக்கு ஏறக்குறைய 20 கிராம் எடை இருக்கும். அதில் வரும் தொந்தரவுகளில் நாலு வகையைப் புராஸ்டேடைட்டிஸ் என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம், குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1995-ல் கூட்டிய நிபுணர் கூட்டத்தில் பிறந்து, 1999-ல் வெளியான வகைப்பாட்டைத்தான் உலகம் முழுக்க இன்றும் பின்பற்றுகிறோம். முதல் வகை, திடீரென்று வரும் கடுமையான கிருமித் தொற்று. இரண்டாவது, சுரப்பிக்குள் கிருமி தங்கிவிட்டு அவ்வப்போது தலைகாட்டும் நாள்பட்ட தொற்று. மூன்றாவது, கிருமி எதுவும் பிடிபடாமல் மாதக்கணக்கில் நீடிக்கும் இடுப்புப் பகுதி வலி. நாலாவது, வேறு காரணத்துக்காகப் பரிசோதிக்கும்போது தற்செயலாகத் தெரியும், தொந்தரவே இல்லாத அழற்சி. இந்த நாலாவதற்கு வைத்தியமே வேண்டாம். தொந்தரவோடு வருகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்றாவது வகை. நீங்கள் எழுதியிருப்பதும் அதையே சொல்கிறது.

முதல் வகை வந்தவருக்கு அது என்ன என்ற சந்தேகமே இருக்காது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் போகும்போது உயிர் போகிற எரிச்சல், சிலருக்கு நீர் முழுக்க அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் ஈ.கோலை கிருமி. உடனே மருத்துவமனையில் சேர்த்து நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் கொடுத்து, பிறகு மாத்திரைக்கு மாற்றி, மொத்தம் இரண்டு முதல் நாலு வாரம் வைத்தியம் செய்வோம். அந்த நேரத்தில் புராஸ்டேட்டை அழுத்திப் பிசையவே கூடாது, கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம். தென்னிந்தியாவில் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் மெலியாய்டோசிஸ் கிருமியும் புராஸ்டேட்டில் சீழ் கட்ட வைக்கும். அந்தக் கிருமி என்றால் மருந்தும் வேறு, மாதக்கணக்கில் சாப்பிடவும் வேண்டும். உங்களுக்கு இது எதுவும் இல்லை, அதனால் மேலே போகலாம்.

இரண்டாவது வகையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊசிக் கேள்விக்குப் பதில் இதில்தான் இருக்கிறது. இதன் அடையாளம், சில மாத இடைவெளியில் திரும்பத் திரும்ப யூரின் தொற்று வரும், ஒவ்வொரு முறையும் கல்ச்சரில் அதே கிருமி வளரும். நடுவில் ஆள் நன்றாகவே இருப்பார். உறுதி செய்ய, முதலில் போகும் சிறுநீர், நடுவில் போகும் சிறுநீர், புராஸ்டேட்டை விரலால் அழுத்தினால் வரும் திரவம், அதற்குப் பின் போகும் சிறுநீர் என்று நாலு மாதிரிகளைத் தனித்தனியாகக் கல்ச்சர் செய்யும் முறை 1968 முதல் இருக்கிறது. இன்று நடைமுறையில் அழுத்துவதற்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு மாதிரியோடு முடித்துக்கொள்கிறோம், அதுவே போதும்.

இப்போது மருந்து உள்ளே போகும் விஷயம். புராஸ்டேட் சுரப்பியின் உட்சுவர் ரத்தத்தில் இருக்கும் மருந்தை எல்லாம் உள்ளே விடாது. கொழுப்பில் எளிதாகக் கரையும் சில மருந்துகளே அதைக் கடக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் போன்ற குயினோலோன்கள், ட்ரைமெத்தோப்ரிம், டாக்ஸிசைக்ளின் இந்தக் கூட்டத்தில் சேர்த்தி. ஃபாஸ்ஃபோமைசினும் ஓரளவு போகும், மற்றவை வேலை செய்யாத கிருமிக்கு இப்போது அதையும் பயன்படுத்துகிறோம். கடும் தொற்றின்போது அழற்சியால் அந்தச் சுவர் இளகிவிடும், அதனால்தான் முதல் வகையில் ஊசி மருந்துகள் பலிக்கின்றன. நாள்பட்ட நிலையில் அப்படி இல்லை. அமிகாசின் மாதிரி ஊசியைப் பவர் அதிகம் என்று நினைத்துப் போட்டால் புராஸ்டேட்டுக்குள் சரியாகப் போகாது, சிறுநீரகத்தையும் காதையும்தான் பதம் பார்க்கும். நீங்கள் சாப்பிட்ட நைட்ரோஃபுரன்டாயினும் சிறுநீரில் மட்டுமே வேலை செய்யும், திசுவுக்குள் மருந்தளவு ஏறாது. அந்தக் கோர்ஸ் பலிக்காததற்கு உங்கள் உடம்பைக் குறை சொல்ல வேண்டியதில்லை. ஆக, இருப்பதிலேயே நன்றாக உள்ளே போகும் மருந்தை இரண்டு முறை சாப்பிட்டுவிட்டீர்கள், கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை. ஐந்தாவது கோர்ஸுக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

முதல் கோர்ஸில் குறைந்ததே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த வலி இயல்பாகவே ஏறி இறங்கும் தன்மை உடையது, தாங்க முடியாத உச்சத்தில்தான் டாக்டரிடம் போகிறோம், அதற்குப் பிறகு என்ன சாப்பிட்டாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இந்த மருந்துகளுக்கு அழற்சியைக் குறைக்கும் குணமும் சிறிதளவு உண்டு. இரண்டில் எது உங்கள் விஷயத்தில் நடந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிந்தது இது: 2004-ல் வெளியான ஆய்வில், மூன்றாவது வகை வலி உள்ள 196 ஆண்களுக்கு ஆறு வாரம் சிப்ரோஃப்ளாக்சசின், சிறுநீர்ப்பாதைத் தசையைத் தளர்த்தும் டாம்சுலோசின், இரண்டும் சேர்த்து, அல்லது வெறும் டம்மி மாத்திரை என்று கொடுத்துப் பார்த்தார்கள். டம்மியைவிட எதுவும் மேலாக இல்லை. அவர்கள் பல வருடமாக அவதிப்பட்டு, ஏற்கெனவே பல மருந்து சாப்பிட்டவர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்தவருக்கு நாலு முதல் ஆறு வாரம் ஒரே ஒரு கோர்ஸ் கொடுத்துப் பார்ப்பதில் தப்பில்லை, நானும் சில சமயம் கொடுப்பேன். பலிக்கவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். குயினோலோன்கள் சும்மா சாப்பிடும் மாத்திரைகளும் இல்லை. குதிகால் தசைநார் கிழிதல், கை கால் நரம்பு எரிச்சல் என்று எச்சரிக்கைகள் உண்டு. 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வீக்கம் உள்ளவர்களுக்கு அது கிழியும் ஆபத்தையும் சேர்த்தது. நம் ஊருக்கென்று இன்னொரு சிக்கல்: இவை காசநோய்க் கிருமியையும் பாதி அடக்கும். மறைந்திருக்கும் சிறுநீர்ப்பாதைக் காசநோயைக் கண்டுபிடிப்பது இதனால் தள்ளிப்போகும்.

சரி, கிருமி இல்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது? முழுப் பதில் மருத்துவத்திடம் இன்னும் இல்லை. எப்போதோ வந்த தொற்றோ அடியோ தொடக்கமாக இருந்திருக்கலாம், பிறகு வலி நரம்புகள் அதிகமாகக் கூர்மையாகி, காரணம் போன பின்பும் வலியைத் தொடரச் செய்கின்றன என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம். இதில் கண்ணுக்குத் தெரிவது, விரலால் தொட்டுப் பார்க்க முடிவது, இடுப்பின் அடித்தளத் தசைகள். சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழேயிருந்து தாங்குகிற இந்தத் தசைகள் பலருக்கு எந்நேரமும் இறுகிப் போயிருக்கின்றன. ஆசனவாய் வழியாகப் பரிசோதிக்கும்போது புராஸ்டேட்டைத் தொட்டால் வலிக்காமல், பக்கத்துத் தசையை அழுத்தினதும் "அதேதான் சார், அந்த வலிதான்" என்று துள்ளுவார்கள். புராஸ்டேட் அங்கே வெறும் சாட்சி. உங்கள் டாக்டர்கள் யாராவது இந்தப் பரிசோதனை செய்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்யவில்லை என்றால், இன்னொரு ஸ்கேனுக்குப் பதில் முதலில் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: நாள்பட்ட புராஸ்டேடைட்டிஸை வயிற்று அல்ட்ராசவுண்டில் கண்டுபிடிக்க முடியாது. சுரப்பியில் சின்னச் சின்னச் சுண்ணாம்புப் புள்ளிகள் எந்தத் தொந்தரவும் இல்லாத ஆண்களிடமும் இருக்கும். அந்த ஒரு வார்த்தையைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டு வருகிறவர்கள் எத்தனையோ பேர்.

எல்லோருக்கும் ஒரே மருந்து என்று பார்த்த ஆய்வுகள் அடுத்தடுத்துத் தோற்றதால், அணுகுமுறையையே மாற்றினார்கள். 2009 வாக்கில் வந்த யூபாயின்ட் முறையில், ஒருவருக்குச் சிறுநீர்த் தொந்தரவு, மன அழுத்தம், சுரப்பியில் நேரடி வலி, தொற்று, நரம்பு சார்ந்த அல்லது உடம்பின் வேறு இடங்களிலும் உள்ள வலி, தசை இறுக்கம் என்ற ஆறில் எவையெல்லாம் இருக்கின்றன என்று பார்த்து, இருப்பதற்கு மட்டும் வைத்தியம் செய்கிறோம். உங்கள் எழுத்தை வைத்துப் பார்த்தால் சிறுநீர்த் தொந்தரவு, தசை இறுக்கம், கவலை மூன்றும் தெரிகின்றன. தொற்று தெரியவில்லை.

தசைக்கு நான் முதல் இடம் கொடுப்பேன். இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட் உள்ளும் வெளியும் இறுகிய முடிச்சுகளை அழுத்தி இளக்குவது, கூடவே வீட்டில் செய்யும் தளர்வுப் பயிற்சி. 2009-ல் ஒரு சின்ன ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 57 சதவீதம் பேருக்கும், சாதாரண உடல் மசாஜ் செய்தவர்களில் 21 சதவீதம் பேருக்கும் குணம் தெரிந்தது. மொத்தமே 47 பேர், பெண்களும் கலந்த ஆய்வு, அதனால் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் என் அனுபவமும் அந்தத் திசையில்தான். சிக்கல், ஆண்களுக்கு இதைச் செய்யத் தெரிந்தவர்கள் நம் பக்கம் பெரிய ஊர்களிலேயே குறைவு. கிடைக்கவில்லை என்றால் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, வயிறு உப்பும்படி மெதுவாக மூச்சை இழுத்து, அப்போது ஆசனவாய் கீழ்நோக்கித் தளர்வதை உணருங்கள். காலையும் ராத்திரியும் பத்து நிமிடம். குத்துக்கால் போட்டு உட்கார்வது நல்லது, இந்தியன் டாய்லெட்டே ஒரு பயிற்சிதான். அகலமான டப்பில் இளஞ்சூட்டு வெந்நீர் நிரப்பி இடுப்பு மூழ்க கால் மணி நேரம் உட்கார்ந்தால் வலி பலருக்கு இறங்கும். வீட்டில் பெரியவர்கள் 'சூடு' என்று சொல்லி வெந்நீரே ஆகாது என்பார்கள், கவலைப்படாமல் உட்காருங்கள். யூடியூபில் புராஸ்டேட் என்று தேடினால் வரும் கீகல் பயிற்சியை மட்டும் இப்போது செய்யாதீர்கள். அது தசையை இறுக்கும் பயிற்சி. உங்களுடையது ஏற்கெனவே இறுகிப்போன தசை, வலி கூடும். மலச்சிக்கல் இருந்தால் சரிசெய்யுங்கள். நாள் முழுக்க நாற்காலி வேலை என்றால் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். பைக்கில் தினமும் நெடுந்தூரம் போகிறவர் ஒரு மாதம் பஸ்ஸில் போய்ப் பாருங்கள். காரம், காபி, மது சிலருக்குத் தூண்டும், பலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து வித்தியாசம் இல்லை என்றால் வீணாக நாக்கைக் கட்டிப்போட வேண்டாம்.

மாத்திரைகளில், சிறுநீர் வேகம் குறைவாகவோ முக்கிப் போக வேண்டியதாகவோ இருந்தால் டாம்சுலோசின் வகையை ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முயற்சி செய்யலாம். இதிலும் ஆதாரம் கலவைதான்: 2008-ல் 272 பேரிடம் அதே குடும்பத்தைச் சேர்ந்த அல்ஃபுசோசினைப் பார்த்தபோது, மருந்து சாப்பிட்டவர்களிலும் டம்மி சாப்பிட்டவர்களிலும் சரியாக ஒரே அளவு, 49.3 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். சிறுநீர்த் தொந்தரவு தெளிவாக உள்ளவருக்கு நான் கொடுக்கிறேன், வெறும் வலிக்குக் கொடுப்பதில்லை. எழும்போது தலைசுற்றலாம், விந்து குறைவாக வரலாம், நிறுத்தினால் சரியாகிவிடும். வலி நிவாரண மாத்திரையை உச்சத்தில் சில நாள் சாப்பிடலாம், மாதக்கணக்கில் வேண்டாம். நரம்பு வலித் தன்மை இருந்தால் ராத்திரி 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் பல பேருக்குத் தூக்கத்தையும் சேர்த்துத் தருகிறது, ஆனால் இந்த நோயில் அதற்குப் பெரிய ஆய்வு ஆதாரம் இல்லை, மற்ற நாள்பட்ட வலிகளில் பார்த்ததை வைத்துத் தருகிறோம். இன்னொரு நரம்பு வலி மருந்தான பிரிகாபலினைச் சோதித்தபோது டம்மியைவிடச் சற்று மேலாகத் தெரிந்தாலும், உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை.

மருந்தில்லாத முறைகளில் எனக்கே ஆச்சரியம் தந்தது அக்குபங்சர். 2021-ல் சீனாவில் 440 ஆண்களிடம் எட்டு வாரத்தில் 20 அமர்வுகள் செய்தார்கள். உண்மையான அக்குபங்சரில் 60.6 சதவீதம் பேரும், போலியாகச் செய்ததில் 36.8 சதவீதம் பேரும் தேறினார்கள். முடித்து 24 வாரம் கழித்தும் வித்தியாசம் இருந்தது. பயிற்சி பெற்றவர், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி, இந்த இரண்டும் உறுதி என்றால் முயற்சி செய்யலாம். வெளியிலிருந்து அதிர்வலை கொடுக்கும் சிகிச்சையும் சில மாதங்களுக்குக் குறைக்கிறது, நீண்டகாலப் பலன் தெளிவில்லை, செலவும் அதிகம். குர்செடின் என்ற தாவரச் சத்து, மகரந்தச் சாறு மாத்திரைகளுக்குச் சிறிய ஆய்வுகள் சாதகமாக இருக்கின்றன, கெடுதல் குறைவு. புராஸ்டேட்டைப் பிசைந்துவிடும் பழைய வைத்தியத்தை நான் செய்வதில்லை. இந்த வலிக்காகப் புராஸ்டேட்டைச் சுரண்டும் ஆபரேஷனுக்கு யாராவது தேதி குறித்தால், கையெழுத்துப் போடாமல் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

கவலையைப் பற்றிச் சொன்னால் 'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். வலி உண்மை. பயம் அதே தசைகளை இன்னும் இறுக்குகிறது, அதனால் வலி கூடுகிறது, அவ்வளவே சொல்கிறேன். இந்த இடம் வலித்தால் நம் ஊரில் ஆண்கள் வெளியே சொல்லத் தயங்கி, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியர்களிடம் போய் நிற்கிறார்கள். சிறுவயதுப் பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று பயமுறுத்தி, என்ன கலந்திருக்கிறது என்று லேபிளே இல்லாத லேகியத்தை ஆயிரக்கணக்கில் விற்பார்கள். சுய இன்பத்தால் இந்த நோய் வராது. விந்தை அடக்கி வைப்பதும் வைத்தியமாகாது. தூக்கம் கெட்டு, எந்நேரமும் இதே நினைப்பு என்றால் மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். வலியைக் கையாளும் பயிற்சி மற்ற சிகிச்சைகளையும் பலிக்க வைக்கிறது.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கேட்க வேண்டியவை: சிறுநீர் வேகப் பரிசோதனை, போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் என்ற அளவு, சர்க்கரை அளவு, நான் சொன்ன தசைப் பரிசோதனை. சிறுநீர்க்குழாய்ச் சுருக்கமும், சிறுநீர்ப்பையின் கழுத்துப் பகுதி சரியாகத் திறக்காததும் இளைஞர்களிடம் இதே வேஷத்தில் வரும். சிறுநீரில் சீழ்ச்செல் இருந்தும் சாதாரணக் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். விந்துக் கல்ச்சர் மட்டும் எடுத்து, அதில் வளரும் தோல் கிருமிக்கு மருந்து சாப்பிடுவது எனக்கு உடன்பாடில்லை. தற்போதைய தொந்தரவைப் பதிவு செய்ய ஒன்பது கேள்விகள் கொண்ட மதிப்பெண் தாள் ஒன்று உண்டு, மொத்தம் 43. வைத்தியத்துக்குப் பிறகு ஆறு மதிப்பெண் குறைந்தாலே பலன் என்று கணக்கு. மூன்று மாதத்தில் வலி சுத்தமாகப் போய்விடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பாதியாகக் குறைந்து, பிறகு மெல்ல மறப்பதுதான் நான் அதிகம் பார்த்தது, நடுவில் ஓரிரு முறை திரும்ப வரும். நடுக்கக் காய்ச்சல், நீர் அடைப்பு, சிறுநீரில் ரத்தம், இருக்கைப் பகுதியில் மரத்துப்போவதோடு காலில் பலமின்மை, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

கேன்சர் விஷயம்: மூன்றாவது வகை வலி கேன்சராக மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 36 வயதில் பி.எஸ்.ஏ. என்ற, புராஸ்டேட் கேன்சரைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் உங்களுக்கு இப்போது தேவையில்லை. அழற்சி இருக்கும்போது எடுத்தால் தேவையில்லாமல் ஏறிக் காட்டும், ஏற்கெனவே எடுத்து அதிகமாக வந்திருந்தால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். குழந்தையைப் பொறுத்தவரை, இந்த வலியோடு இயல்பாக அப்பா ஆனவர்கள் ஏராளம். மனைவிக்கு இது தொற்றாது. சந்தேகம் தீர ஒரு விந்துப் பரிசோதனை போதும். உங்கள் மருந்துச் சீட்டில் டாம்சுலோசினோடு டூடாஸ்டரைடு சேர்ந்த மாத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது வயதானவர்களின் புராஸ்டேட் வீக்கத்துக்கானது, விந்தணு எண்ணிக்கையைக் குறைக்கலாம். குழந்தைக்கு முயற்சி செய்கிறவருக்கு வேண்டாத மருந்து, இருந்தால் எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.